தூக்க முடியாத கை கொட்டாவிக்கு எழும்பும், தெரியுமா?

பக்கவாதம் வந்து ஆறு மாதமாக அசையாமல் கிடக்கும் கை. ‘தூக்குங்க பார்ப்போம்’ என்று பிசியோதெரபிஸ்ட் எவ்வளவு கெஞ்சினாலும் ஓர் அங்குலம்கூட நகராது. அதே மனிதர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாயைப் பிளந்து பெரிதாக ஒரு கொட்டாவி விடுகிறார். அந்தக் கை மெதுவாக, தானாகவே, நெஞ்சுவரை எழும்புகிறது! கொட்டாவி முடிந்ததும் மடியில் வந்து விழுகிறது. பார்த்த வீட்டார் ‘ஐயோ சாமி, கை வந்துருச்சு’ என்று ஓடி வருகிறார்கள். ‘இன்னொரு தரம் தூக்குங்கப்பா’ என்றால் முடியவில்லை.

இது எல்லாருக்கும் நடப்பதில்லை. ஆனால் நடப்பதுண்டு. 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். 2005இல் ஒலிவியே வாலுசின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்குத் தனிப் பெயரே சூட்டினார்கள்: பாராகைனீசியா பிராக்கியாலிஸ் ஆசிட்டன்ஸ். நாம் நினைத்துக் கையைத் தூக்கும்போது உத்தரவு பெருமூளையிலிருந்து இறங்குகிறது. கொட்டாவியோ மூளைத்தண்டு என்ற மிகப் பழைய அடித்தளத்தில் பிறக்கிறது. மேலே இருந்து வரும் கம்பி அறுந்த பிறகும் கீழே இருந்து வரும் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே அந்தக் கொட்டாவிக் கையைப் பார்த்துவிட்டு ‘முடியும், வேணும்னே செய்ய மாட்டேங்கிறார்’ என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. அந்த மனிதர் படும் பாட்டோடு அதையும் சேர்த்துச் சுமப்பார்.

இப்போது கதைக்கு வருவோம். அசையாத கை ஏன் இரும்பாக இறுகுகிறது? அதைத் தளர்த்த உலகம் எங்கெங்கே போய் எதையெல்லாம் கொண்டு வந்திருக்கிறது? சொன்னால் நம்ப மாட்டீர்கள். கெட்டுப்போன தொத்திறைச்சி, கண்ணாடிப் பெட்டி, கையுறை, மறுபக்கத்துக் கழுத்து நரம்பு!

துவண்ட கை எப்படி இறுகுகிறது, தெரியுமா?

பக்கவாதம் வந்த முதல் நாட்களில் கை பெரும்பாலும் துணி மாதிரி துவண்டு கிடக்கும். சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் ஏறும். தோள் உடம்போடு ஒட்டும். முழங்கை மடங்கும். மணிக்கட்டு கீழே வளையும். விரல்கள் மூடும். கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி ஏதோ ஓர் அளவில் இறுக்கம் வருகிறது.

‘புடிச்சா விட மாட்டேங்கிறார், பலம் வந்துருச்சு’ என்று மகிழும் வீடுகள் உண்டு. பாதி உண்மைதான். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சிக்னே புருன்ஸ்ட்ரோம் என்ற இயன்முறை மருத்துவர், பக்கவாதக் கை மீண்டு வரும் பாதையைப் படிப்படியாக வரைந்து காட்டினார். அந்தப் பாதையில் இறுக்கம் நடுவில் வரும் ஒரு நிறுத்தம். சிலருக்கு வண்டி அதைத் தாண்டிப் போகிறது. சிலருக்கு அங்கேயே நின்றுவிடுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். நம் ஒவ்வொரு தசைக்குள்ளும் நூல் கதிர் வடிவில் மிக நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. தசையை யாராவது இழுத்தால் அவை தண்டுவடத்துக்குச் சேதி அனுப்பும். தண்டுவடம் மூளையைக் கேட்காமலே ‘சுருங்கு’ என்று தசைக்குக் கட்டளை போடும். டாக்டர் முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினால் கால் உதைக்கிறதே, அதே சங்கதி. இந்தப் பதற்றக்காரத் தண்டுவடத்தை மூளை இரவும் பகலும் ‘போதும், போதும்’ என்று அடக்கிக்கொண்டே இருக்கிறது. பக்கவாதத்தில் அந்தப் ‘போதும்’ வந்து சேரும் வழி அறுந்துபோகிறது. தண்டுவடம் தன் இஷ்டத்துக்குக் கத்துகிறது, தசை சுருங்கிக்கொண்டே போகிறது. நோயாளியின் பிடிவாதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இதில் இன்னொரு விந்தை உண்டு. இந்த இறுக்கத்துக்கு வேகம் பிடிக்காது! ஜேம்ஸ் லான்ஸ் என்ற ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர் 1980இல் எழுதிவைத்த இலக்கணத்தின் உயிர்நாடியே அதுதான். மடங்கிய முழங்கையை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பூட்டு விழுந்ததுபோல நிற்கும். அதையே பத்து எண்ணி, மூச்சு விட்டு, மெதுவாக நீட்டுங்கள், வெகுதூரம் வரும். காரில் சீட் பெல்ட்டை நிதானமாக இழுத்தால் நீண்டுகொண்டே வருகிறது, வெடுக்கென்று இழுத்தால் சிக்கிக்கொள்கிறது, அதே கணக்கு. முதலில் முரண்டு பிடித்துப் பிறகு சட்டென்று இளகும் இந்தப் போக்குக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் மடக்குக் கத்தி.

மருத்துவர் தரும் சீட்டில் ‘எம்.ஏ.எஸ். 3’ என்று கிறுக்கியிருந்தால் பயப்பட வேண்டாம். கையை நீட்டும்போது எவ்வளவு எதிர்ப்பு வருகிறது என்பதற்கான மதிப்பெண் அது. 0 என்றால் இறுக்கமே இல்லை, 4 என்றால் அசைக்கவே முடியாது. ஆஷ்வொர்த் என்ற மருத்துவர் 1964இல் கொண்டு வந்ததை 1987இல் பொஹானனும் ஸ்மித்தும் திருத்தினார்கள்.

மூடிய விரலைத் திறக்க ஒரு சாவி

இதை இப்போதே உங்கள் கையில் செய்து பாருங்கள். முஷ்டியை இறுக்கமாக மூடுங்கள். இப்போது மணிக்கட்டை உள்பக்கமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவு மடியுங்கள். என்ன ஆயிற்று? முஷ்டியின் பிடி தானாகத் தளர்கிறது அல்லவா! விரலை மடக்கும் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டை மடித்தால் அந்த நாண்களுக்குத் தொய்வு கிடைக்கிறது. 

எங்கள் பெரியப்பாவுக்கு இடது கை மூடிப்போனபோது இந்த ஒரு சங்கதி எங்களில் யாருக்கும் தெரியாது. குளிக்க வைக்கும்போது இரண்டு பேர் சேர்ந்து விரல் நுனியைப் பிடித்து நெம்புவோம். இழுக்க இழுக்க அது இறுகும். அவர் வலியில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உள்ளங்கையில் நகம் பதிந்து புண்ணாகி, வேர்வை தங்கி வாடை வரும். வாடை அவருக்கும் தெரியும். யாராவது வந்தால் கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்வார். பல மாதம் கழித்து ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தார். மணிக்கட்டை மெல்ல உள்ளே மடித்தார். கட்டைவிரலை நுனியில் தொடாமல் அடிப்பக்கத்துச் சதைமேட்டோடு சேர்த்துப் பிடித்து வெளியே கொண்டு வந்தார். மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பெரியம்மா வெதுவெதுப்பான தண்ணீரில் அந்த உள்ளங்கையைத் துடைத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

தொத்திறைச்சி நஞ்சை ஆராய்ந்தவர் ஒரு கவிஞர், தெரியுமா?

இனிமேல்தான் பெரிய ஆச்சரியம். பக்கவாதக் கையின் இறுக்கத்துக்கு இன்று உலகம் முழுவதும் போடப்படும் முக்கியமான ஊசி, மனிதன் அறிந்த நஞ்சுகளிலேயே மிகக் கொடியது!

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். வீட்டில் செய்து வைத்த தொத்திறைச்சியைத் தின்றவர்கள் கண் மங்கி, இமை தொங்கி, விழுங்க முடியாமல், கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்து இறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியில் அரசு மருத்துவராக இருந்தவர் யுஸ்டினுஸ் கெர்னர். மருத்துவர் மட்டுமா, பேர்போன கவிஞரும்கூட! அவருடைய கவிதைகளுக்கு இசைமேதை ராபர்ட் ஷூமன் 1840இல் மெட்டமைத்திருக்கிறார். அந்தக் கவிஞர், செத்தவர்களையும் பிழைத்தவர்களையும் ஒவ்வொருவராக விசாரித்துக் குறித்தார். 1820இல் 76 பேரைப் பற்றி எழுதினார், 1822இல் அது 155 பேராக வளர்ந்தது. அத்தோடு விட்டாரா? நஞ்சின் சாற்றைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தார்!

அவர் எட்டிய முடிவைக் கேளுங்கள். இந்த நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் நடுவே சேதி போவதைத் தடுக்கிறது, மூளையையோ அறிவையோ தொடுவதில்லை. அப்படியானால், அளவு குறைத்துக் கொடுத்தால், உடம்பு அடங்காமல் துள்ளும் நோய்களுக்கு இதே நஞ்சு மருந்தாகலாமே! எழுதிய ஆண்டு 1822. கிருமி என்ற ஒன்றே நோய்க்குக் காரணம் என்று நிறுவப்படாத காலம். அந்தக் கனவு பலிக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

இடையில் ஒரு சாவு வீடு. 1895 டிசம்பர் 14, பெல்ஜியத்தில் எல்செல் என்ற சிற்றூர். 87 வயதுப் பெரியவர் ஒருவருடைய இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த வாத்தியக் குழுவினர், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சியைச் சாப்பிட்டார்கள். சாப்பிட்ட 34 பேரில் மூவர் இறந்தார்கள், பத்துப் பேர் சாவைத் தொட்டுத் திரும்பினார்கள். மிச்சமிருந்த இறைச்சி கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெமிடம் போனது. இவர் ராபர்ட் கோஹிடம் பயின்றவர். காற்றில்லாத இடத்தில் வளரும் ஒரு பாக்டீரியாவை அதிலிருந்து பிரித்தெடுத்தார். தொத்திறைச்சிக்கு லத்தீனில் ‘போட்டுலுஸ்’ என்று பெயர். அந்தப் பெயரையே கிருமிக்கு வைத்தார். போட்டுலினஸ்! பிறகு அது போட்டுலினம் ஆனது. அதைச் சுருக்கி, டாக்சின் என்ற சொல்லோடு ஒட்டி வந்ததுதான் போடாக்ஸ்.

இரண்டாம் உலகப் போர் இந்த நஞ்சை ஆயுதமாகப் பார்த்தது. அமெரிக்காவின் ஃபோர்ட் டெட்ரிக்கில் அதைத் தூய படிகமாக எடுக்கும் வேலையில் ஈடுபட்டவர் எட்வர்ட் ஷான்ட்ஸ். போருக்குப் பின் அதே நஞ்சை அவரிடம் கேட்டு வாங்கியவர் ஒரு கண் மருத்துவர். சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஆலன் ஸ்காட். மாறுகண்ணை வெட்டாமல் நேராக்க முடியுமா என்று தேடிக்கொண்டிருந்தார். இறுக்கமாக இழுக்கும் கண் தசையை மட்டும் கொஞ்சம் தளர்த்தினால் போதுமே என்பது அவருடைய எண்ணம். குரங்குகளில் செய்த சோதனையை 1973இல் வெளியிட்டார். மனிதர்களில் செய்ததை 1980இல் அறிவித்தார். 1989இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. ஷான்ட்ஸ் 1979 நவம்பரில் தயாரித்துக் கொடுத்த ஒரே ஒரு தொகுப்பிலிருந்துதான் 1997 வரை மனிதர்களுக்கான மருந்து போய்க்கொண்டிருந்தது!

முகச் சுருக்கம் நீக்கும் ஊசி என்றுதானே நமக்கெல்லாம் இதைத் தெரியும்? வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமைத் துடிப்புக்காக ஊசி போட்டபோது நெற்றிக் கோடு மறைவதை 1987இல் கவனித்ததும், தோல் மருத்துவரான கணவரோடு சேர்ந்து அதைப் பரப்பியதும் பிறகு நடந்த கிளைக்கதை. அழகுக்கான அமெரிக்க அனுமதியே 2002இல்தான் வந்தது. நோயாளிகளுக்காகப் பிறந்த மருந்து இது. ‘போடாக்ஸா, அது சினிமாக்காரங்க போடுறதாச்சே’ என்று சொல்லி ஒரு பக்கவாத நோயாளியின் வீட்டார் அதைத் தள்ளிவைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஊசி உள்ளே போய் என்ன செய்கிறது?

1989இல் இங்கிலாந்தில் தாஸ், பார்க் என்ற இரு மருத்துவர்கள் பக்கவாத நோயாளிகளின் இறுகிய கையில் இதைப் போட்டுப் பார்த்து எழுதினார்கள். 2002இல் அலிசன் பிரஷேர் தலைமையில் அமெரிக்காவில் 126 பேருக்குப் பெரிய சோதனை நடந்தது. மணிக்கட்டும் விரல்களும் தளர்ந்தன, கையைச் சுத்தம் செய்வதும் உடை மாற்றுவதும் சுலபமாயின. 2010இல் பெரியவர்களின் கை இறுக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி வந்தது.

நரம்பின் நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் குட்டிக் குட்டிப் பைகளில் காத்திருக்கும். பை உடைந்து அது கொட்டினால்தான் தசை சுருங்கும். நஞ்சு நரம்பு நுனிக்குள் நுழைந்து ஸ்நாப்-25 என்ற புரதத்தை நறுக்கிவிடுகிறது. பை உடைவதற்கு அந்தப் புரதம் வேண்டும். புரதம் இல்லை, பை உடைவதில்லை, தசை ஓய்கிறது. ஆனால் உடனே அல்ல! ஊசி போட்ட அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாட்களில் தொடங்கி, இரண்டு வாரத்தில் நன்றாகத் தெரிந்து, நாலு முதல் ஆறு வாரத்தில் உச்சம் தொடும். மூன்று, நான்கு மாதத்தில் நரம்பு நுனி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள, இறுக்கம் திரும்பும். மறுபடி போடுவதாக இருந்தால் பொதுவாக 12 வாரமாவது இடைவெளி விடுகிறார்கள்.

அளவைக் கேட்டால் தலை சுற்றும். 100 யூனிட் குப்பியில் நஞ்சு இருப்பது நானோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு! யூனிட் என்பதும் சாதாரண அளவல்ல. சுண்டெலிகளில் பாதியைக் கொல்லப் போதுமான அளவே ஒரு யூனிட். ஒரு கம்பெனி மருந்தின் 100 யூனிட்டும் இன்னொரு கம்பெனியின் 100 யூனிட்டும் சமமல்ல. எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்தத் தசை என்பதை எழுதி வாங்கி வைத்துக்கொள்வது அதனால்தான் முக்கியம். எந்தத் தசையில் குத்துவது என்பது தனிக் கலை. முன்கையில் விரலை மடக்கும் தசைகள் அடுக்கடுக்காக, ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. அல்ட்ராசவுண்டில் பார்த்தோ, ஊசி வழியே சிறு மின்சாரம் செலுத்தி எந்த விரல் துடிக்கிறது என்று கண்டோ போடுகிறார்கள். ஊசிக்குப் பிறகு விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல் ஏதாவது வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அரிதுதான், ஆனாலும் நஞ்சு நஞ்சுதானே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசி கையைத் தளர்த்தும், கைக்கு வேலை கற்றுத் தராது. பிரிட்டனில் 333 பேரிடம் நடந்து 2011இல் வெளியான சோதனையில், ஊசியும் சிகிச்சைப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு வெறும் பயிற்சி பெற்றவர்களைவிட ஒரு மாதத்தில் கையால் வேலை செய்யும் திறன் குறிப்பிடும்படி கூடவில்லை. இறுக்கம் குறைந்தது, உள்ளங்கையைக் கழுவுவதும் சட்டைக் கையை நுழைப்பதும் எளிதாயின. சின்ன லாபமா அது? தினமும் அந்தக் கையை நெம்பிக் குளிப்பாட்டும் மனைவியைக் கேளுங்கள். அதோடு, தளர்ந்திருக்கும் அந்த மூன்று மாதம் ஒரு வாடகை வீடு மாதிரி. கதவு திறந்திருக்கும்போதே நீட்டலும் பிடித்து விடும் பயிற்சியும் தினமும் நடக்க வேண்டும். ஊசிக்குச் செலவழித்துவிட்டுப் பயிற்சிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வலிப்புக்குத் தேடியது, இறுக்கத்துக்குக் கிடைத்தது

பலருடைய மருந்து டப்பாவில் இருக்கும் பாக்லோஃபென் மாத்திரை வலிப்பு நோய்க்காக உருவாக்கப்பட்டது, தெரியுமா? 1962இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில். வலிப்புக்கு அது ஏமாற்றியது, இறுக்கத்துக்குக் கைகொடுத்தது! கை மட்டுமல்ல, காலும் முதுகும் சேர்ந்து இறுகியிருந்தால் இந்த மாதிரி மாத்திரை பயன்படும். விலை, தூக்கக் கலக்கமும் சோர்வும். ஆனால் இதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டவர் சட்டென்று விட்டால் காய்ச்சலும் மனப்பிரமையும் வலிப்பும்கூட வரலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரை அட்டையை மறந்துவிட்டுப் போகிறவர்கள் கவனிக்க!

1984இல் சிகாகோவில் ரிச்சர்ட் பென், ஜெஃப்ரி க்ரோயின் இருவரும் இதே மருந்தைக் குழாய் வழியே நேராகத் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீருக்குள் செலுத்தினார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் வட்டமான ஒரு பம்ப் வைத்து, மாத்திரையில் தேவைப்படுவதில் மிகச் சிறு பங்கு மருந்தாலேயே இறுக்கத்தை அடக்குகிறார்கள்.

ஸ்டான்லியில் படித்தவரும் ஒரு கண்ணாடியும்

வி.எஸ்.ராமச்சந்திரன். 1951இல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அரசியல் சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். கை துண்டிக்கப்பட்டவர்களுக்கு இல்லாத கையில் வலி வருமே, மூடிய இல்லாத முஷ்டியைத் திறக்க முடியாமல் தவிப்பார்களே, அவர்களுக்காகக் கலிஃபோர்னியாவில் 1990களில் அவர் செய்தது ஒரு பெட்டி. அதில் நடுவே ஒரு கண்ணாடி. அவ்வளவுதான்! நல்ல கையைக் கண்ணாடிக்கு முன் வைத்து விரித்தால் போன கை திறப்பதுபோலத் தெரியும். மூளை அதை நம்பிவிடும்.

1999இல் அதே கண்ணாடி பக்கவாதத்துக்கு வந்தது. ஒன்பது பேரிடம் செய்த அந்தச் சிறு சோதனை லான்செட் இதழில் வெளியானது. கண்ணாடியை உடம்பின் நடுக்கோட்டில் நிறுத்தி, வாதப்பட்ட கையை அதன் பின்னால் மறைத்து, நல்ல கையை மூடித் திறக்க வேண்டும். கண் பார்ப்பது இரண்டு நல்ல கைகளை! 2018இல் 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, கையின் இயக்கத்துக்கு இது உதவுகிறது என்று சொன்னது. இறுக்கத்தையே இது கரைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு மேசையும் போதும், பிசியோதெரபிஸ்ட் ஒரு முறை காட்டித் தந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

நல்ல கையைக் கட்டிப் போட்டால்?

எட்வர்ட் டாப் என்ற உளவியல் ஆய்வாளர் கண்டதும் இதற்குக் குறைந்ததல்ல. ஒரு கையின் உணர்ச்சி நரம்பை வெட்டிய குரங்குகள் அந்தக் கையை அடியோடு மறந்துபோயின. நல்ல கையைக் கட்டிவிட்டால்? மறந்த கையை எடுத்து உபயோகித்தன! முயன்று தோற்றுத் தோற்று, பயன்படுத்தாமல் இருக்கவே அவை கற்றுக்கொண்டிருந்தன. மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக் குரங்குகளின் நிலையால் 1981இல் பெரிய வழக்கே நடந்து, விலங்குரிமைப் போராட்டத்தின் திருப்புமுனையாகவும் ஆனது. அந்த வேதனையை ஒதுக்கிவிட்டு இந்தச் சிகிச்சையைப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்தக் குரங்குகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மனிதருக்கு வந்தபோது அது ஒரு தடித்த கையுறை ஆனது. நல்ல கையில் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி அதை மாட்டிக்கொண்டு, இரண்டு வாரம் வாதக் கையாலேயே டம்ளர் எடுப்பது, கதவு திறப்பது, துணி மடிப்பது. 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான சோதனையில் பலன் ஓர் ஆண்டு கழித்தும் நின்றது. ஆனால் மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தாமே நிமிர்த்தக்கூடியவர்களுக்கே இது. முற்றிலும் மூடிய கைக்காரரின் நல்ல கையைக் கட்டிப்போட்டு அவரைக் கொடுமைப்படுத்திவிட வேண்டாம்.

வலக்கை நரம்பை இடக்கைக்குத் திருப்பினார்கள், தெரியுமா?

ஷாங்காயின் ஹுவாஷான் மருத்துவமனையில் சூ வென்டாங் செய்தது இன்னும் என்னை நாற்காலி நுனிக்குக் கொண்டு வருகிறது. ஒரு கைக்கு ஐந்து நரம்பு வேர்கள் கழுத்திலிருந்து போகின்றன. அவற்றில் நடுவில் இருக்கும் சி-7 என்ற வேரை நல்ல பக்கத்தில் வெட்டினாலும், மற்ற நான்கும் அந்த வேலையைச் சமாளித்துவிடும். கொஞ்ச நாள் மரமரப்பும் பலவீனமும் இருந்துவிட்டுப் போகும். வெட்டிய அந்த நரம்பை முதுகெலும்புக்கு முன்புறமாகக் கழுத்தின் குறுக்கே கொண்டுபோய், செயலிழந்த பக்கத்துச் சி-7இன் நுனியோடு தைத்தார்கள்! வாதப்பட்ட கை இப்போது சேதமாகாத அரைமூளையோடு பேசத் தொடங்குகிறது. அந்தப் பக்கத்துப் பழைய வேரை அறுத்ததால் இறுக்கத்தின் சுற்றுப்பாதையும் உடைகிறது.

2018இல் வெளியான முடிவு இது. கை செயலிழந்து ஐந்து ஆண்டுக்கு மேலான 36 பேர், பாதிப் பேருக்கு அறுவையும் பயிற்சியும், பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும். 66க்கு மதிப்பெண் போடும் ஃபூகல்-மேயர் அளவுகோலில் ஓர் ஆண்டில் அறுவைக்காரர்கள் சராசரியாக 17.7 ஏறினார்கள், மற்றவர்கள் 2.6. அந்த 36 பேரில் பக்கவாதம் மட்டுமல்ல, தலைக்காயமும் பிறவி மூளைவாதமும் இருந்தன. எல்லா ஊரிலும் செய்யக்கூடிய அறுவை அல்ல. ஆனாலும் ஐந்து வருடம் கழித்து! ‘ஆறு மாசத்துல வரலைன்னா இனி வராது’ என்று கை விரித்துச் சொல்கிறார்களே, அவர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது.

2021இல் இன்னொரு வழி அமெரிக்க அனுமதி பெற்றது. கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் ஒரு மின்கம்பி, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு கருவி. நோயாளி கையை அசைக்க முயலும் அதே கணத்தில் பயிற்சியாளர் பொத்தானை அழுத்த, அரை நொடி மின்துடிப்பு மூளைக்குப் போகும். 108 பேரிடம் சோதித்தார்கள். வெறும் பயிற்சி பெற்றவர்களைவிடக் கை நன்றாகத் தேறியது.

இன்றைக்கே வீட்டில் பார்க்க வேண்டியவை

வாதப்பட்ட கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்காதீர்கள். தோள் மூட்டைத் தாங்கும் தசைகள் ஓய்ந்திருக்கும்போது மூட்டு நழுவும். உத்தரத்தில் கயிறும் உருளையும் மாட்டி நல்ல கையால் வாதக் கையை இழுக்கும் பயிற்சி பல வீடுகளில் உண்டு. 1990இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் தோள்வலியை மிக அதிகமாகக் கொண்டு வந்தது அந்தக் கயிறுதான். இராப்பூராவும் கட்டும் பட்டையை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். 2007இல் ஆஸ்திரேலியாவில் 63 பேரிடம் நாலு வாரம் செய்து பார்த்ததில் மணிக்கட்டுப் பட்டை சுருக்கத்தைத் தடுக்கவில்லை. உள்ளங்கையைப் புண்ணாகாமல் காக்க வேறு காரணத்துக்காக அதைத் தந்திருக்கலாம், எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பிரஷர் மாத்திரைக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இதுவரை தளர்ந்திருந்த கை ஒரு வாரத்தில் திடீரென்று இறுகினால், பிரச்சினை கையில் இல்லாமலே இருக்கலாம், தெரியுமா? உடம்பில் எங்கே வலியோ எரிச்சலோ இருந்தாலும், நோயாளிக்கு அது உணர்விலேயே படாவிட்டாலும், தண்டுவடத்துக்குத் தெரிந்துவிடும். அது கையில் வந்து இறுக்கமாகப் பேசும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், இறுக்கமான உள்ளாடை, குளிர், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மாத்திரை அளவைக் கூட்டச் சொல்லும் முன்னால், சிறுநீர் எரிகிறதா என்று கேளுங்கள். வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். முதுகைத் திருப்பிப் பாருங்கள். பிறகு போர்வையை விலக்கிக் கால் கட்டைவிரலைப் பாருங்கள். ஓரத்தில் நகம் சதைக்குள் வளர்ந்து சிவந்திருக்கிறதா?